விருந்தாளியா? வேலையாளா?

நாடோடி!

எத்தனை இளக்காரமாக வழங்கி வந்த சொல் இது! ஊர்க்கோடிப் புளியமரத்தடியிலே கந்தலைக் கூரையாக்கி, ஊசியும் பாசிமணியும் விற்று, ஒரு வேளை அடுப்பெரிந்தால் மறுவேளை அடுப்பு குளிர்ந்து, காவலர் தடியைத் தட்டியதும் கைக்குழந்தையையும் மூட்டையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர் எல்லை நோக்கி நடந்தானே, அந்த ஏழைக்குச் சமுதாயம் சூட்டிய பட்டம் அது. நிலையான ஊர் இல்லாதவன், ஆகவே நம்பத்தகாதவன், ஆகவே விரட்டத்தக்கவன். இப்படிப் போயிற்று அந்நாள் தருக்கம்.

இன்று அந்தச் சொல்லுக்கு வந்துள்ள வாழ்வைக் காணுங்கள்! 'டிஜிட்டல்' என்றொரு அடைமொழி முன்னால் வந்து நின்றது. உடனே நாடோடிக்கு நாற்காலி போடுகின்றன நாடுகள்! பார்படோஸ் தீவு 2020 ஜூலையில், ஓராண்டு வந்து தங்குங்கள், வேலையையும் கையோடு கொண்டு வாருங்கள் என்று வரவேற்பு முத்திரை வெளியிட்டது. அடுத்த மாதமே எஸ்தோனியா தனி விசா கண்டது. தாய்லாந்து 2024இல், 5 இலட்சம் பாட் கையிருப்புக் காட்டுவோர்க்கு 5 ஆண்டு செல்லும் விசா தந்தது. புளியமரத்தடி நாடோடியிடம் இல்லாத எது இந்த நாடோடியிடம் இருக்கிறது? மடியிலே கணினி, அந்தக் கணினி வழியே டாலர்!

யார் இவர்கள்? கம்பெனி சிகாகோவிலே இருக்கும். அதற்குக் கணக்கு எழுதுபவர் கடற்கரை ஊர் ஒன்றிலே இருப்பார். முதலாளி நியூயார்க்கிலே கூட்டம் கூட்டுவார். படம் வரைந்து தருபவர் இரண்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தலையசைப்பார். 2020இல் கொரோனா வந்து அலுவலகக் கதவுகளையெல்லாம் சாத்திற்று அல்லவா? வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆயிற்று. வீட்டிலிருந்து என்றால், அந்த வீடு எந்த ஊரில் இருந்தால் என்ன என்ற கேள்வி பிறந்தது. எந்த நாட்டில் இருந்தால்தான் என்ன என்று அது வளர்ந்தது. ஆண்டில் பாதி சொந்த நாடு, பாதி வெளிநாடு. கூலி மட்டும் முழு ஆண்டும் டாலரில். தனி விசா வாங்கி முறைப்படி வருவோரும் உண்டு. ஆனால் பலர் அந்தத் தொல்லையே வேண்டாமென்று, ஊர் சுற்றிப் பார்க்க வந்த விருந்தாளியாக நுழைகிறார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கணினியைத் திறந்து வேலைக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உட்காரட்டுமே, நமக்கென்ன என்று கேட்பீர்கள். ஊர்விட்டு ஊர் சென்று பிழைப்பவரைக் குறைகூறும் தகுதி நமக்குக் கிடையாதுதான். மலேயாவின் ரப்பர் காட்டிலும், இலங்கையின் தேயிலை மலையிலும், பிஜித் தீவின் கரும்புக் கொல்லையிலும் நம்மவர் சிந்திய வியர்வை இன்னும் காயவில்லை. பிழைக்கப் போவது குற்றமல்ல; ஒருநாளும் குற்றமல்ல. நாம் கேட்பது வேறு. வெளிநாட்டில் தங்கி வேலை செய்தல் என்ற ஒரே செயலுக்கு இரண்டு பெயர் இருக்கிறதே, ஒருவர் செய்தால் 'உலாவுதல்' என்றும் இன்னொருவர் செய்தால் 'ஊடுருவல்' என்றும் சொல்கிறார்களே, அது ஏன்? 'விருந்தாளி' என்று ஒரு பொய்யை எல்லாரும் சேர்ந்து காப்பாற்றுகிறார்களே, அந்தப் பொய்க்குக் குடக்கூலி கட்டுபவர் யார்?

இதற்கு விடை காண மெக்சிகோ தலைநகர் வரை போய்வர வேண்டும். வாருங்கள்.

அந்தப் பெருநகரின் நடுப்பகுதியிலே ரோமா, கொண்டேசா என்று அடுத்தடுத்து இரண்டு வட்டாரங்கள். அழகான இடங்கள். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயம் நடந்த திடலைச் சுற்றி எழுந்தது கொண்டேசாவின் ஒரு பகுதி. பந்தயத் தடம் இருந்த இடத்திலே இன்று ஆம்ஸ்டர்டாம் என்ற சாலை முட்டை வடிவில் வளைந்து செல்கிறது, நடுவிலே பூங்கா. இளவேனிலில் அந்த நகரத்தின் சாலைகளெங்கும் ஜகரண்டா மரங்கள் ஊதாப்பூ சொரியும். அந்த மரங்களை நகரெங்கும் நடச் சொன்ன பெருமை, ஜப்பானிலிருந்து பிழைக்க வந்த தத்சுகொரோ மத்சுமோத்தோ என்ற தோட்டக்காரருக்கு உரியது என்பர். வந்தேறி ஒருவன் வைத்த மரம்தான் ஊருக்கு அடையாளமாயிற்று. வெளியாரை வெறுப்போர் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு வந்தேறியும் ரோமா வட்டாரத்தில் குடியிருந்தார். அவர் நமக்குத் தெரிந்தவர். எம்.என். ராய்! அமெரிக்காவிலே போலீசார் துரத்த, 1917இல் மெக்சிகோவில் புகலடைந்தார். பணக்காரச் சுற்றுலாப் பயணியாக அல்ல, வெள்ளை ஏகாதிபத்தியம் தேடிய மனிதராக. அந்த நாடு அவரை வாழவைத்தது. 1919இல் அங்கே கம்யூனிஸ்ட் கட்சி அமையவும் அவர் கைகொடுத்தார். அவர் வாழ்ந்த வீடு பின்னாளில் என்னவாயிற்று தெரியுமா? அவர் பெயரையே பலகையில் தாங்கிய இரவு நடனவிடுதி! பொதுவுடைமைக்காரர் வீட்டிலே கோப்பைக்குக் கோப்பை பணம்! சிரிப்பதா, வேறென்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை. அந்த வட்டாரம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதைச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை.

1985 செப்டம்பர் 19 அன்று பெரும் பூகம்பம் அந்த நகரை உலுக்கியது. ரோமாவில் கட்டடங்கள் சரிந்தன. வசதியுள்ளோர் வெளியேறினர், வாடகை இறங்கிற்று. இடிபாட்டுக்கிடையே எஞ்சி நின்றவர்கள், பெரும்பாலும், வேறு போக்கிடம் இல்லாதவர்கள். தையற்காரர், செருப்புத் தைப்பவர், பள்ளி ஆசிரியை, சிற்றுண்டிக் கடைக்காரர், பின்னால் குறைந்த வாடகை தேடி வந்த ஓவியர்கள். இவர்கள்தாம் அந்த ஊரை மறுபடியும் ஊராக்கினார்கள். 2017இல் அதே செப்டம்பர் 19 அன்று மீண்டும் பூமி நடுங்கியபோதும், கல்லைப் புரட்டி ஆளைத் தூக்கியவர்கள் அந்த ஊர் மக்களே. பூகம்பத்தால் அசைக்க முடியாத அவர்களை அசைக்க வந்தது 2020க்குப் பிறகு, ஓசையில்லாத இன்னொரு நடுக்கம்.

சட்டத்தைச் சற்றுப் பார்ப்போம். மெக்சிகோவின் 2011ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 'ஊதிய வேலை செய்ய அனுமதியில்லாத வருகையாளர்' என்றொரு வகை உண்டு. அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர் இதற்கு விசா எடுக்க வேண்டியதில்லை. விமானத்திலிருந்து இறங்கலாம்; அதிகாரி முத்திரை குத்துவார்; 180 நாள் வரை தங்கலாம். அனுமதி இல்லாதது எது? நாட்டுக்குள்ளே ஊதியம் பெறும் வேலை. 'நாட்டுக்குள்ளே' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சம்பளம் சிகாகோவிலிருந்து வருகிறது. ஆகவே அது நாட்டுக்குள்ளே பெறும் ஊதியம் அல்ல. ஆகவே இவர் வேலையாள் அல்ல, விருந்தாளி! காலை முதல் மாலை வரை கண் சிவக்க வேலை பார்ப்பவர், சட்டத்தின் கண்ணுக்கு, கை கட்டி வேடிக்கை பார்ப்பவர்!

வரி? அங்கும் ஒரு பொருத்தம் பாருங்கள். வெளிநாட்டு முதலாளி தரும் சம்பளத்துக்கு, 12 மாதத்தில் 183 நாளுக்குக் குறைவாகத் தங்கினால், மெக்சிகோவில் வரி இல்லை என்பது பொது விதி. விருந்தாளி முத்திரையோ 180 நாள். மூன்றே நாள் இடைவெளி! தச்சர் இழைத்துப் பொருத்தியதுபோல் அத்தனை பொருத்தம். 180 முடியும் தறுவாயில் சொந்த ஊருக்கு ஒரு நடை. அல்லது பக்கத்து குவாத்தமாலாவுக்கு ஒரு நடை. திரும்பிவந்தால் புது முத்திரைக்குக் கை நீட்டலாம். நாள் முழுதும் தராமல் குறைத்துத் தரும் அதிகாரிகளும் உண்டு என்பது வேறு செய்தி.

சரி, இந்த விருந்தாளி எங்கே தங்குவார்? இங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது.

மெக்சிகோ நகரில் முறையாக ஆண்டுக் குத்தகைக்கு வீடு பிடிப்பது எளிதல்ல. அதே நகரில் சொந்த வீடு உள்ள ஒருவரைப் பிணையாகக் கொண்டுவா என்பார் வீட்டுக்காரர். அந்த ஊர் ஏழைக்கே அது எட்டாக் கனி. நேற்று விமானத்தில் வந்து இறங்கியவர் பிணைக்கு யாரைத் தேடுவார்? அவரிடம் குடியிருப்பு அட்டையும் இல்லை. சட்டப்படி அவர் குடியிருப்பவரே அல்லவே! ஆகவே அவர் குத்தகை தேடவில்லை. கைபேசியைத் தடவினார்; ஏர்பிஎன்பி வந்து நின்றது. நாள் கணக்கு, வாரக் கணக்கு, மாதக் கணக்கு; பிணை வேண்டாம், பேச்சு வேண்டாம்; டாலரில் கணக்குத் தீர்ந்தது.

வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். பெசோவில் மாத வாடகை தரும் ஆசிரியை ஒருபுறம். டாலரில் வார வாடகை தரும் விருந்தாளி மறுபுறம். ஆசிரியைக்குக் குத்தகை உரிமை உண்டு, முறையீடு உண்டு, குழாய் ஒழுகினால் கேள்வி உண்டு. விருந்தாளிக்கு எந்த உரிமையும் இல்லை. போகும்போது சாவியை வைத்துவிட்டுப் போய்விடுவார். எது இலாபம் என்பதைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையா? குத்தகை முடிந்தது, புதுப்பிக்கவில்லை என்று ஒரு தாள் வந்தது ஆசிரியைக்கு. சுவருக்கு வெள்ளை பூசினார்கள். சன்னலோரம் ஒரு தொட்டிச்செடி வைத்தார்கள். வீடு விடுதியாயிற்று!

அந்தப் பொய் வேலை செய்யும் விதம் இதுதான். உழைக்க வந்தவரை விருந்தாளி என்று எழுதிக்கொண்டால், அவர் தங்கும் வீடு சத்திரமாகத்தான் மாறும். ஆளின் பெயரில் செய்த மோசடி வீட்டின் பெயரை மாற்றிவிடுகிறது. வெளியேற்றப்பட்ட ஆசிரியை எங்கே போவார்? நகரத்தின் ஓரத்துக்கு, அதற்கும் அப்பால், பக்கத்து மாநிலத்து எல்லைக்கு. அங்கிருந்து விடியுமுன் எழுந்து, பேருந்து மாறி, மெட்ரோ மாறி, தான் நேற்றுவரை வாழ்ந்த தெருவிலே உள்ள பள்ளிக்கு வந்து சேர்வார். போகவர நாளொன்றுக்கு மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ கரைந்துபோகும். அந்த மணிகளுக்கு எந்த நாட்டு டாலரில் விலை போடுவது?

கூலியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025இல் மெக்சிகோவின் பெரும்பகுதிக்கு வகுத்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 278.80 பெசோ. அதே ஆண்டில் அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009இல் வகுத்தது, அப்படியே கிடந்தது. மாற்றிப் பார்த்தால், அங்கே அடிமட்டத் தொழிலாளி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஈட்டுவது, இங்கே ஒருவர் நாள் முழுதும் உழைத்து ஈட்டும் தொகை! கணினியோடு வருபவர் அடிமட்டக் கூலிக்காரரும் அல்ல. இந்த இருவரையும் ஒரே வீட்டுக்கு ஏலம் கேட்க விட்டால், ஏலம் எத்தனை நொடி நடக்கும்?

மறுப்புரையும் கேட்போம், கேட்பதுதானே முறை. "அவர்கள் பணத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். காப்பிக் கடை பிழைக்கிறது, சலவைக்காரர் பிழைக்கிறார், வீடு துப்புரவு செய்யும் பெண்ணுக்கு வேலை கிடைக்கிறது" என்கின்றனர். உண்மை. இல்லையென்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தத் துப்புரவுப் பெண் அந்தத் தெருவிலே குடியிருக்க முடியுமா என்று கேளுங்கள். காப்பிக் கடையில் கோப்பை கழுவுபவர், தான் கழுவும் கோப்பையில் ஒரு காப்பி வாங்கிக் குடிக்கத் துணிவாரா என்று கேளுங்கள். விலைப்பட்டியல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. சொந்த ஊரிலே சொந்த மொழிக்காரன் விலைப்பட்டியலைப் படிக்கத் திணறுவது எத்தகைய அவமானம் என்பதை நம் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை!

நகர ஆட்சி என்ன செய்தது? 2022 அக்டோபரில் நகரத் தலைவராயிருந்த கிளாவ்தியா ஷெயின்பாம் அம்மையார், அதே ஏர்பிஎன்பி நிறுவனத்தோடும் யுனெஸ்கோவோடும் ஒப்பந்தம் செய்துகொண்டார். எதற்கு? டிஜிட்டல் நாடோடிகளை இன்னும் அழைத்து வருவதற்கு! இடதுசாரி ஆட்சி; ஏழை மக்கள் வாக்களித்து அமர்த்திய ஆட்சி. டாலரின் நிழல் குளிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் குடியிருப்போர் எழுப்பிய குரல் வலுத்தது. 2024 ஆகஸ்டில், முந்தைய ஆண்டு விலைவாசி ஏறிய அளவுக்கு மேல் வாடகையை ஏற்றக்கூடாது என்று நகரச் சட்டம் திருத்தப்பட்டது. அக்டோபரில், ஆண்டின் இரவுகளில் பாதிக்கு மேல் ஒரு வீட்டை நாள்வாடகைக்கு விடக்கூடாது என்றும் சட்டம் வந்தது. நல்ல சட்டங்கள், காலங்கடந்த சட்டங்கள். ஆசிரியை காலிசெய்து போன பிறகு வாடகைக்கு வரம்பு!

2025 ஜூலை 4. அமெரிக்காவின் விடுதலை நாள். அந்த நாளைத் தேடி எடுத்துக்கொண்டு, கொண்டேசாவின் பூங்காவில் நூற்றுக்கணக்கானோர் கூடினர். வாடகை உயர்வையும் வெளியேற்றத்தையும் கண்டித்து முழக்கமிட்டனர். 'கிரிங்கோவே, வெளியேறு' என்ற அட்டைகளும் உயர்ந்தன. கிரிங்கோ என்பது அமெரிக்கரைக் குறிக்க அங்கே வழங்கும் சொல். ஊர்வலத்தின் முடிவில் சிலர் கடைகளின் கண்ணாடியை உடைத்தனர். அதற்குள் குடியரசுத் தலைவராகியிருந்த ஷெயின்பாம் அம்மையார், அயலார் வெறுப்பைக் கண்டித்தார். வாடகைச் சிக்கல் உண்மையானது, அதைக் கவனிக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். அதே மாதத்தில் நகரத் தலைவர் கிளாரா புருகாடா அம்மையார் 14 அம்சத் திட்டம் ஒன்றை அறிவித்தார்; நியாய வாடகைக்கு ஓர் அளவுகோல், வாடகைக்குக் குடியிருப்போர்க்கு ஒரு பாதுகாப்பு அமைப்பு என்பன அதிலே உள்ளன.

கண்ணாடியை உடைத்ததை நாம் ஆதரிக்கவில்லை. காப்பிக் கடைக் கண்ணாடியா ஆசிரியையை வெளியேற்றியது? உள்ளே கணினியோடு உட்கார்ந்திருந்த அமெரிக்கப் பெண்ணா வெளியேற்றினாள்? அந்தப் பெண்ணின் கதையையும் கேட்டால் தெரியும். லாஸ் ஏஞ்சல்சிலோ நியூயார்க்கிலோ, ஒற்றை அறைக்குச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து, இனிமேல் தாங்காது என்று கிளம்பி வந்தவளாக இருப்பாள். அங்கே ஒரு வீட்டுக்காரர் அவளைத் தள்ளினார். அவள் இங்கே வந்து விழுந்ததும், இங்குள்ள வீட்டுக்காரர் ஆசிரியையைத் தள்ளினார். ஆசிரியை ஊர் ஓரத்துக்குப் போனதும், அங்கே கூலிக்காரர் ஒருவர் இன்னும் அப்பால் தள்ளப்பட்டார். குடியிருப்பவர் மேல் குடியிருப்பவர் விழுகிறார். ஒவ்வொரு வீழ்ச்சியிலும் வாடகை வாங்குபவர் கல்லாப்பெட்டி மட்டும் நிறைகிறது. ஆத்திரம் கடைசிப் படியில் நிற்பவர் கண்ணில் பட்ட முதல் ஆள் மேல் பாய்கிறது. சுரண்டுவோர்க்கு இதைவிட வசதி வேறென்ன?

ஆனாலும், எல்லை என்ற ஒன்று இருக்கிறதே, அதன் இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விட முடியாது.

மெக்சிகோக்காரர் ஒருவர் அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை குத்தி வரவேற்பார்களா? விண்ணப்பக் கட்டணம் 2023 முதல் 185 டாலர். 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக்காரருக்கு அது ஏறத்தாழ 12 நாள் உழைப்பு. விசா மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. தூதரகத்தில் நேர்முகம். அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குச் சட்டம் இட்டிருக்கும் கட்டளை என்ன தெரியுமா? எதிரே நிற்பவர் குடியேறத்தான் வருகிறார் என்று முதலில் கொள். இல்லை என்று அவரே மெய்ப்பிக்கட்டும்! வீடு உண்டா, நிலம் உண்டா, வேலை உண்டா, திரும்பி வருவதற்குக் காரணம் உண்டா? குற்றவாளிக் கூண்டில்கூட குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை நிரபராதி என்பார்கள். இங்கே தலைகீழ்.

180 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கருக்கு மெக்சிகோ தரும் விருந்து 180 நாள். கூடுதலாகத் தங்கிவிட்டால் அபராதம் கட்டிவிட்டு விமானம் ஏறலாம். அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அதே 180 இருக்கிறது. அனுமதியின்றி 180 நாளுக்கு மேல் தங்கி வெளியேறிய அயலார், 3 ஆண்டுகளுக்கு உள்ளே வர முடியாது. ஓராண்டோ அதற்கு மேலோ ஆகிவிட்டால் தடை 10 ஆண்டு. பிள்ளைகள் அங்கே, தகப்பன் இங்கே. ஒருவருக்கு வாசற்படி, இன்னொருவருக்குப் பொறி. எண் மட்டும் ஒன்று!

உழைப்பு தேவைப்பட்டபோது இவர்களுக்கே கதவு திறந்ததையும் வரலாறு மறக்கவில்லை. 1942 முதல் 1964 வரை, பிரசெரோ திட்டம் என்ற பெயரில், மெக்சிகோ உழவர்களை அமெரிக்கப் பண்ணைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அழைத்தார்கள். ஏறத்தாழ 46 இலட்சம் ஒப்பந்தங்கள். வரவேற்பு எப்படி? எல்லைக் கூடங்களில் வரிசையாக நிறுத்தி, ஆடை களைந்து, உடம்பெல்லாம் டிடிடி மருந்துத்தூள் அடித்தார்கள். தொடக்க ஆண்டுகளில் கூலியில் நூற்றுக்குப் பத்து சேமிப்பு என்று பிடித்தார்கள். பலருக்கு அது கடைசிவரை கைக்கு வரவே இல்லை. கீரை பறிக்கப் போனவனுக்கு மருந்துத்தூள். கணினி தட்ட வந்தவருக்கு ஜகரண்டா நிழல்.

நம் வீட்டுப் பிள்ளைகளையும் இதிலே சேர்த்துப் பாருங்கள். சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து அமெரிக்கக் கம்பெனிக்குக் கணினி வேலை செய்யும் இளைஞர், அதே கொண்டேசாவில் ஆறு மாதம் தங்கி அதே வேலையைச் செய்ய நினைத்தால்? இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் ஒரு சலுகை. கையில் செல்லத்தக்க அமெரிக்க விசா இருந்தால், மெக்சிகோ விசா தேவையில்லை! பிரிட்டன், கனடா, ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றின் விசாவுக்கும் அதே மதிப்பு. மெக்சிகோவின் வாசலைத் திறக்க வாஷிங்டனின் நற்சான்று! திறமையையும் பார்ப்பதில்லை, நாணயத்தையும் பார்ப்பதில்லை. பணக்கார நாடு ஒன்று முன்பே இவரைச் சோதித்து விட்டுவிட்டதா என்பதுதான் கேள்வி.

ஐரோப்பாவிலும் கதை வேறல்ல. ஷெங்கன் எல்லைக்குள் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான் விருந்தாளி வாசம். அதைத் துல்லியமாக எண்ண 2025 அக்டோபர் 12இல் புதிய கணினிப் பதிவு முறையைத் தொடங்கினார்கள். கைரேகையும் முகமும் பதிவாகும். நாள் எண்ணுவதில் இருக்கும் கூர்மை, அந்த 90 நாளில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைச் சட்டத்தில் நேர்மையாக எழுதுவதில் இல்லை.

எழுத முடியாததும் அல்ல. பிரிட்டன் 2024 ஜனவரி 31 முதல், வருகையாளர் தம் வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்யலாம், ஆனால் அதுவே வந்த நோக்கமாக இருக்கக்கூடாது என்று விதியில் எழுதியது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் வெளிப்படையாகவே அனுமதித்தது. 90 நாளுக்கு மேல் வேலை செய்தால் வரிப் பொறுப்பு வரலாம், பார்த்துக்கொள் என்றும் சேர்த்துச் சொன்னது. மெக்சிகோவிலும், வருமானத்தைக் காட்டித் தூதரகத்தில் விண்ணப்பித்து, முதலில் ஓராண்டு, பிறகு நீட்டித்து 4 ஆண்டு வரை, தற்காலிகக் குடியிருப்பு பெற வழி உண்டு. ஆனால் கேட்டதும் கிடைக்கும் 180 நாள் இருக்கையில், கட்டணம் கட்டி, காகிதம் சுமந்து, வரிசையில் நிற்க எத்தனை பேர் முன்வருவார்கள்?

ஆகவே மெக்சிகோ ஆட்சியாளர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். வருபவரைத் தடுக்காதீர்கள்; வருபவரின் பெயரைச் சரியாக எழுதுங்கள். ஒரு மாதம் பிரமிடு பார்க்க வந்தவர் விருந்தாளி, அவருக்கு விடுதி. மூன்று மாதமும் ஆறு மாதமும் உட்கார்ந்து வேலை செய்பவர் உழைப்பாளி. அவருக்கு உழைப்பாளியின் அட்டை கொடுங்கள், பிணை கேட்டு இழுத்தடிக்காத குத்தகை கொடுங்கள், வாடகை வரம்பின் பாதுகாப்பும் கொடுங்கள். நோயுற்றால் மருத்துவமனைக்குப் போக வழியும் கொடுங்கள். விருந்தாளி வேடத்தில் இருப்பவர்க்கு இன்று அதுவும் உறுதி இல்லை, பாவம். இத்தனையும் கொடுத்துவிட்டு அவரிடம் வரி வாங்குங்கள். வாங்கியதை, கொண்டேசாவிலேயே, ரோமாவிலேயே, ஆசிரியைக்கும் தையற்காரருக்கும் வீடு கட்டச் செலவிடுங்கள். நேர்மையாக வந்தவர் இதற்கு மறுக்க மாட்டார். மறுப்பவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும், ஒரே தெருவில் பத்து வீட்டை விடுதியாக்கி வைத்திருக்கும் பெரிய மனிதராக இருப்பார்!

2025 ஜூலை 4 என்றோமே, அந்த நாளில் வாஷிங்டனிலும் ஒன்று நடந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஒரு பெரிய சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் பக்கங்களுக்குள்ளே, விசா பெறும் அயலாரிடம் கூடுதலாக 250 டாலர் வாங்க ஒரு பிரிவு. 2026 ஜனவரி 1 முதல், வெளிநாட்டுக்கு ரொக்கமாகவும் மணியார்டராகவும் அனுப்பும் பணத்துக்கு நூற்றுக்கு 1 வரி என்று இன்னொரு பிரிவு. வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அந்த வரி இல்லை. வங்கிக் கணக்கு இல்லாதவர் யார்? சிகாகோவின் உணவுக்கடையில் பாத்திரம் கழுவி, வாரக் கூலியை ரொக்கமாக வாங்கி, கடைக்குப் போய் வரிசையில் நின்று தாய்க்குப் பணம் அனுப்புகிற மெக்சிகோக்காரர். அவரைப் போன்றவர்கள் அனுப்பிய பணம் 2024இல் மட்டும் 6,400 கோடி டாலருக்கு மேல். அவர் 200 டாலர் அனுப்பினால் 2 டாலர் எடுத்துக்கொள்ளப்படும். அதே சிகாகோவிலிருந்து கொண்டேசாவில் இருக்கும் விருந்தாளிக்கு மாதச் சம்பளம் போகிறது. அட்டையைத் தேய்த்து அவர் வாடகை கட்டுகிறார். அந்த வழியில் நூற்றுக்கு 1 கேட்டு யாரும் நிற்கவில்லை.